ஒரு விரிப்பும் கொஞ்சம் கயிறும்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சரியாகவே பேசவில்லை. அப்பா கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாய். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டதற்கும் "ம்". கடைசியில் போன் என் கைக்கு வந்தது. நானும் "ம்" என்றேன். நான் அப்படிச் சொல்வது தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஆனால் நீ வாயாடி. உனக்கு என்ன ஆயிற்று?

எனக்கு எழுது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரலே வராது, எல்லோரும் சிரிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டு வந்தவள் நான். ஆனால் காகிதத்தைப் பார்த்து எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடம் எனக்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது. மெஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் நான், அந்த முனையில் ஓர் அக்கா. ஆரம்பத்திலேயே பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இனிமேல் கேட்டால் அசிங்கம். மனசுக்குள் எதிர்முனை அக்கா என்று வைத்திருக்கிறேன்.

அப்பா பஸ் டிப்போவில் இன்னும் உன் புராணம்தான் பாடுகிறார். "என் பையன் பட்டாளத்துல, வானத்துல இருந்து குதிக்கிறவங்களுக்கு உயிரை மடிச்சுக் கட்டிக் கொடுக்கிறான்" என்று சொல்லாத நாள் இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

உண்மையை எழுது. யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாய் ஏது?

உன்,
சுண்டெலி


பிப்ரவரி 11

சுண்டெலிக்கு,

போன் இருப்பது வராந்தாவில். முறைக்காகக் காத்திருப்பவர்கள் முதுகை ஒட்டி நிற்பார்கள். அவர்கள் காதில் விழாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் "ம்".

பாட்டுக்காரனை ஞாபகம் இருக்கிறதா? லீவில் என்னோடு வந்து நம் சமையலறையில் உட்கார்ந்து பாடினானே, நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாயே, அவன்தான். போன வருஷம் குதிக்கும்போது காற்று அடித்து ஆற்றில் விழுந்தான். பாராசூட் ஒழுங்காக விரிந்தது. விசாரணையில் காற்றுதான் காரணம் என்று எழுதினார்கள். அந்தப் பாராசூட்டை மடித்துக் கட்டியது நான்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கை மடிக்க ஆரம்பிக்கிறது. மடித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வைக்கு வருகிறார் என்று எங்களை இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் நிற்க வைத்தார்கள். மடிக்கும்போது துணி நழுவாமல் இருக்கச் சின்னச் சின்ன மணல் பைகளை மேலே வைப்போம். மூடுவதற்கு முன்னால் எல்லாப் பையும் மேசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால் பாராசூட் விரியாது. அன்று பைகள் எல்லாம் மேசையில்தான் இருந்தன. ஆனால் கடைசிப் பாராசூட்டை நான் மடித்ததே எனக்கு நினைவில்லை. கட்டி முடித்த பொதி எதிரில் இருக்கிறது. அதைக் கட்டியவன் நானா என்று தெரியவில்லை.

எங்கள் கூடத்துத் தலைமை சார்ஜென்டிடம் போனேன். எப்போதும் கையில் ஒரு அளவுகோல் வைத்திருப்பதால் அவருக்கு அதுவே பெயர். "நான் இன்னைக்குக் கட்டினது எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க சார்" என்றேன். பிரித்தார்கள். எதிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரிய அதிகாரி வெயிலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கள் கேப்டனுக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் நானாகவே மனநல டாக்டரிடம் போனேன். யாரும் அனுப்பவில்லை. டாக்டர் அம்மா நல்லவர். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். ஆள் தூங்காமல் இப்படி இரண்டு ஷிப்டு நிற்கக் கூடாது என்று மேலிடத்துக்கும் எழுதினார். அங்கேதான் வம்பு பிடித்தது.

இப்போது எனக்கு மேசை இல்லை. அழுக்குக் கேன்வாஸ் பைகளைத் துவைக்கிறேன். நீயும் நானும் ஒரே தொழில்.

அப்பாவிடம் சொல்லாதே.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் சோப்புத் தூள் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். பாட்டுக்காரர் செத்துப்போனதை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? அம்மா இப்போதும் அவர் எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. சந்தேகம் வந்தது, பிரித்துப் பார்க்கச் சொன்னாய். இதற்குத் தண்டனையா? எங்கள் கூடத்தில் ஒரு விரிப்பு மூட்டைக்குள் ஊசி தவறி விழுந்திருக்குமோ என்று எதிர்முனை அக்கா சொன்னபோது, மடித்த விரிப்புகள் எல்லாவற்றையும் உதறினோம். யாரும் அக்காவைத் திட்டவில்லை. சின்ன முணுமுணுப்பு, அவ்வளவுதான். விரிப்பில் படுப்பது நோயாளி. நீ கட்டுவதில் தொங்குவது ஓர் உயிர்.

மருந்தை நிறுத்தாதே. கேலி செய்கிறார்களா? நான் கேலிக்குப் பழக்கப்பட்டவள், என்னிடம் சொல்லலாம்.

சுண்டெலி


மார்ச் 3

சுண்டெலிக்கு,

கேலிக்கு என்ன குறைச்சல். எனக்கு இப்போது "பிரிச்சுப்பாரு" என்று பெயர். சாப்பாட்டுத் தட்டை வாங்கினால், "டேய், பிரிச்சுப் பாத்துட்டுச் சாப்பிடு" என்கிறார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று அளவுகோல் என் காதுபடச் சொல்கிறார். முதல் நாட்களில் நானும் சிரித்தேன்.

கேலியைக்கூடத் தாங்கிவிடலாம். பதவி உயர்வுக்கான பயிற்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது, எடுத்துவிட்டார்கள். லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். என் கட்டிலைக் காவல் அறைக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறார்கள், கதவைத் திறந்தே வைக்க வேண்டுமாம். நெட்டை என்று ஒருவன், எத்தனையோ தடவை நான் கட்டியதை மாட்டிக்கொண்டு குதித்தவன். அவனும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டினவனே குதிக்கணும். அதிகாரி எந்த நாளிலும் அலமாரியிலிருந்து நம் கையால் கட்டிய ஒன்றை எடுத்து நீட்டுவார். மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏற வேண்டும். நான் ஒருநாளும் தயங்கியதில்லை. கேப்டனிடம் போய், நான் கட்டியதில் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், குதிக்கிறேன் என்றேன். "மண்டை கழண்டவனை நம்பி விமானத்துல ஏத்தச் சொல்றியா? நடுவானத்துல நீயே கயிறை அறுத்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். நான் கட்டியதை மற்றவர்கள் தொட மாட்டார்கள். நானும் தொடக் கூடாது. அவை அலமாரியிலேயே கிடக்கின்றன.

பிறகு உட்காரவைத்து இதமாகப் பேசினார். அன்றைக்குக் காய்ச்சல், ஏதோ உளறிவிட்டேன், எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். டாக்டரிடம் போவதை நிறுத்த வேண்டுமாம். போட்டால் மறுநாளே மேசை என்னுடையது.

மேசை என்றதும் என் கை தானாக அசைந்தது. கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கம்பளியை எடுத்துப் பாராசூட் மடிப்பு மடித்துப் பார்க்கிறேன். தடித்த துணி, மடிப்பு நிற்கமாட்டேன் என்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

நல்ல செய்தி. உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே கடிதம் வைக்கக் கூடாது என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால் இது தனியாக வருகிறது.

பார்சலில் இருப்பது ஆஸ்பத்திரி விரிப்பு. ஓரம் கிழிந்ததால் கழித்துப் போட்டது. கூடத்தை மேற்பார்க்கும் பெரியக்காவிடம் நானே வாய் திறந்து கேட்டு வாங்கினேன். நம்ப மாட்டாய். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்டேன். துவைத்துத் துவைத்துப் பட்டுமாதிரி ஆன துணி. நீ சொன்ன மடிப்பு இதில் நிற்கும்.

கூடவே மூட்டை கட்டும் கயிறும் வைத்திருக்கிறேன், நல்ல உறுதியான நைலான். கயிறு இல்லாமல் என்ன பாராசூட்? கயிற்றை எட்டு எட்டாக மடக்கிச் செருகுவோம் என்று முன்பு ஒருமுறை சொன்னாயே. அதையும் செய்து பார்.

யாரும் உன்னிடம் கொடுக்காத மேசையை நான் அனுப்பியிருக்கிறேன். கட்டிலில் விரித்து வைத்து மடி.

சுண்டெலி


மார்ச் 21

நீ அனுப்பியது வந்தது. என் கைக்கு வரவில்லை.

இங்கே பார்சலை வாசலிலேயே பிரிப்பார்கள். மனநல டாக்டரைப் பார்க்கிறவனுக்கு வீட்டிலிருந்து நீளத் துணியும் உறுதியான கயிறும் வந்திருக்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? யார் உன்னிடம் கேட்டது?

நானே எழுதி வரவழைத்தேன் என்கிறார்கள். என்னை ஒரு தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஷூ லேஸ் இல்லை, பெல்ட் இல்லை. கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கக்கூஸ் போனாலும் ஒருவன் கூட வருகிறான். பேனா தரமாட்டார்களாம், இது மழுங்கின பென்சில்.

உன் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. கேப்டனிடம் காட்டினேன். பிறகு எழுதி அனுப்பச் சொல்வது பெரிய வித்தையா என்றார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி என்னை விசாரிக்க ஒரு குழு உட்காரப் போகிறது. கயிறு மேசைமேல் இருக்கும். அதற்கு முன்னால் அந்தக் காய்ச்சல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் குழுவும் இல்லை, கயிறும் இல்லை என்கிறார் கேப்டன். போடப்போகிறேன். களைப்பாக இருக்கிறது. மேசையாவது திரும்பி வரட்டும்.

இனிமேல் ஒன்றும் அனுப்பாதே.


மார்ச் 27

அண்ணா,

கடிதத்தில் நீ பெயர் போடவில்லை. பரவாயில்லை.

கயிற்றைப் பற்றி நான் யோசிக்கவில்லை. சத்தியமாக எனக்கு அது பாராசூட்டின் கயிறாகத்தான் இருந்தது. இப்போது கூடத்தில் மூட்டை கட்டும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. எதிர்முனை அக்கா என்ன என்று கேட்டார். முதல் தடவையாக அவரிடம் முழு வாக்கியமாகப் பேசினேன். பேசி அழுதேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு வீட்டில் சொன்னேன். சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், உடைத்துவிட்டேன். உன் கடிதங்களை முதலிலிருந்து கடைசிவரை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுந்து நின்று வாசித்தேன். நின்று வாசித்தால்தான் பாதியில் ஓடிப்போக மாட்டேன் என்று தோன்றியது. பாட்டுக்காரர் வந்த இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா உடனே கையெழுத்துப் போடச் சொல் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, மனநல டாக்டர் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அது சாகும்வரை கூடவே வரும் என்றார். டிப்போவில் என்ன சொல்வது என்றார். அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவன் அன்னைக்குப் பிரிச்சுப் பாக்கச் சொல்லாம இருந்து, எவனாவது விழுந்திருந்தா, அப்ப டிப்போல என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்தார். சாப்பிடவில்லை.

நான் உன்னைப் போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். களைத்தவன் நீ. ஆனால் கயிறு நான் அனுப்பியது. அதை நீ சுமக்கக் கூடாது. ஏப்ரல் ஐந்தாம் தேதி நான் வருகிறேன்.

சுண்டெலி


ஏப்ரல் 8

சுண்டெலிக்கு,

நீ வந்திருப்பதே விசாரணை நடக்கும்போதுதான் எனக்குத் தெரியும். டாக்டர் அம்மா சொன்னார். காலையிலிருந்து வாசலில் ஒரு பெண் நிற்கிறாளாம். காவலாள் என்ன விஷயம் என்று கேட்டால் உதடு மட்டும் அசைகிறதாம். அவன் காதைக் கிட்டக் கொண்டுவந்து, "என்னம்மா, கொசு மாதிரி, சத்தமாச் சொல்லு" என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாளாம்: "அந்தக் கயிறை அனுப்பினது நான்." வாசலில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். டாக்டர் அம்மா ஓடிவந்து உன்னிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு, குழுவுக்கு முன்னால் வந்து அப்படியே சொன்னார்.

வீட்டுக்காரர்கள் எதையும் சொல்வார்கள் என்றார் கேப்டன். கயிறு மேசையில்தான் இருந்தது. வெள்ளை நைலான், நுனி பிரியாமல் நெருப்பில் சுட்டிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குதிக்கும் கயிற்றுக்குத்தான் அப்படிச் செய்வோம். அதையும் உனக்கு நான்தான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. குழு கூடுவதற்கு முந்தின நாள் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் சொன்னது உளறல் என்று எழுதினால், இனி எங்கள் கூடத்தில் எவனும் 'எனக்கு நினைவில்லை' என்று சொல்ல மாட்டான். பக்கத்து மேசைக்காரன் ஏற்கெனவே என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்கும் தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

குழுவின் தலைவர் வயதானவர். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இப்போதே உன் மேசையைக் கொடுத்தால் போய்க் கட்டுவாயா? கேப்டன் என்னையே பார்த்தார். நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றேன். "கை இன்னும் சரியாகலை."

கேப்டன், பார்த்தீர்களா, அவனே ஒப்புக்கொள்கிறான் என்றார்.

குதிப்பவர்கள் தரப்பில் பேச நெட்டையைக் கூப்பிட்டிருந்தார்கள். இவன் கட்டியதை நீ மாட்டிக்கொள்வாயா என்று தலைவர் கேட்டார். நெட்டை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"இன்னைக்குக் கட்டினா மாட்ட மாட்டேன் சார். இன்னைக்கு அவனே கட்ட மாட்டேங்கிறான். என்னைக்கு அவன் 'கட்டிட்டேன்'னு சொல்றானோ, அன்னைக்குப் பிரிச்சுப் பாக்காம மாட்டிக்குவேன். மத்தவங்க யாரும் 'எனக்கு நினைவில்லை'ன்னு இதுவரைக்கும் சொன்னதில்லை. அதை நினைச்சாதான் பயமா இருக்கு."

தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பயிற்சி போனது போனதுதான். கேப்டன் கேப்டனாகவே இருக்கிறார். "பிரிச்சுப்பாரு" என்ற பெயரும் போகாது. ஆனால் தனி அறையிலிருந்து என்னை வெளியே விட்டார்கள். வைத்தியத்துக்காக நீண்ட லீவு. திரும்பி வரும்போது டாக்டர் சரி என்றால் மேசையைப் பற்றிப் பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள். பேசலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, தருவோம் என்று இல்லை.

நேற்று நெட்டை தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். உப்பை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். அன்றைக்கு உன்மேல் கோபத்தில் பெயர் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

உன் அண்ணன்,
பிரிச்சுப்பாரு


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

வாசலில் நான் கத்தியதை யாரிடமும் சொல்லாதே. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் காது எரிந்தது. எதிர்முனை அக்கா கூட வந்திருந்தார், உனக்குத் தெரியாது. நான் கத்தியபோது பக்கத்திலேயே நின்றார். திரும்பும் வழியில் துணிந்து அவர் பெயரைக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். அவருக்கும் என் பெயர் தெரியாதாம், கூச்சமாக இருந்ததாம்.

உங்கள் ஆட்கள் பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விரிப்பு மட்டும்தான் வந்தது. கயிற்றை வைத்துக்கொண்டார்கள். இருக்கட்டும்.

சலவைக்கூடத்தில், "உன் அண்ணன் ஏன் இவ்வளவு நாள் லீவுல வர்றான்?" என்று கேட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தலையாட்டித் தப்பித்திருக்கலாம். "தூக்கம் வராம மனசு கெட்டுப்போச்சு, வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கு" என்றேன். கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னேன். ஒருத்தி தன் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் என்றாள். எந்த டாக்டர் என்று கேட்டாள்.

அப்பா டிப்போவில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. நேற்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போனார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். திறந்து மூடிப் பார்த்தார். மறுபடி விட்டார். என்னப்பா என்றேன். "கத்துது. தூங்குறவன் முழிச்சுடுவான்" என்றார்.

விரிப்பை நான் ஒருமுறை துவைத்துவிட்டேன். கிழிந்த ஓரத்தை அம்மா தைத்தாள். மடித்து அலமாரியில் வைக்கப் போனேன், பிறகு மனசு வரவில்லை. உன் கட்டிலில் போட்டு நாலு ஓரத்தையும் இழுத்துவிட்டேன். ஒரு மடிப்புக்கூட இல்லாமல் விரிந்து கிடக்கிறது. நீ அதில் படுத்தால் போதும்.

சுண்டெலி